சோறு இருக்கும் வீட்டில் எதைப் படமெடுப்பது? உணவு உரிமைக் காணொளிப் பரப்புரை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சென்னையின் தென்கோடியில், கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் வாழும் மறுகுடியமர்வுப் பகுதி ஒன்றில், உணவு உரிமைக்காக வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அந்நிறுவனத்துக்காக எங்கள் நால்வர் குழு, மூன்று நிமிடப் படங்கள் ஐந்தும் பதினொரு நிமிடப் படம் ஒன்றும் கொண்ட ஆவணக் காணொளித் தொகுப்பைத் தயாரித்தது. முதல் இரண்டு நாளில் எடுத்த காட்சிகளில் பெரும்பகுதி இறுதிப் படங்களில் இடம்பெறவில்லை. அவற்றை ஏன் விட்டோம், அதன் பிறகு எப்படி எடுத்தோம் என்பதை, இத்தகைய வேலையில் இறங்குவோருக்குப் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன். படத்தில் தோன்றியவர்களின் பெயரையோ அவர்கள் வசிக்கும் பிளாக்கின் எண்ணையோ வெளியிட மாட்டோம் என்று எழுதிக்கொடுத்திருப்பதால் அவை இங்கும் இல்லை.

இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் எழுந்த குடியிருப்புகளில் இன்று பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். குடும்பங்கள் இங்கே வந்துவிட்டாலும் அவர்களுடைய வேலை நகரத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் பாத்திரம் தேய்க்கும் பெண்கள் விடிவதற்கு முன்பே பேருந்து ஏறி, பிற்பகலுக்குப் பிறகு திரும்புகிறார்கள். ரேஷன் கடை திறந்திருக்கும் நேரத்தில் பாதி அவர்கள் ஊரில் இல்லாத நேரம். இந்த நேர முரண்பாடு பின்னர் எங்கள் படங்களின் முதுகெலும்பாக அமைந்தாலும், முதல் நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனபோது அது எங்கள் கண்ணில் படவில்லை.

நிறுவனம் எங்களிடம் முதலில் கேட்டது நன்கொடையாளர்களுக்குக் காட்டுவதற்கான ஒரு படம். அவர்கள் தந்த குறிப்பில் வெறும் பானை, அடுப்பில்லாத சமையலறை, குழந்தையின் கண்கள் என்று வழக்கமாக எதிர்பார்க்கப்படும் காட்சிகள் இருந்தன. நாங்களும் மறுப்புச் சொல்லாமல் அப்படியே எடுத்தோம். எழுபதைக் கடந்த ஒரு ஆயாவின் வீட்டில், ஜன்னல் கதவைச் சாத்தி வெளிச்சத்தைக் குறைத்து, 50 எம்எம் லென்ஸில் அவர் கையையும் அலுமினியப் பாத்திரத்தையும் நெருக்கமாகப் பிடித்தோம். ஒளிப்பதிவு அழகாக வந்திருந்தது. நான்காம் நாள் மாலை, ரஃப் கட் எனப்படும் முதற்கட்டத் தொகுப்பை மடிக்கணினியில் போட்டு ஆயாவுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் காட்டினோம்.

படம் முடிந்ததும் யாரும் பேசவில்லை. பிறகு ஆயா சொன்னார்: "இன்னா தம்பி, என் வூட்ட இவ்ளோ இருட்டாக்கிட்ட? நான் தெனம் கூட்டித் தொடைக்கிற வூடுப்பா இது." சற்று நேரம் கழித்து, கோபம் ஆறியபின், அவரே தொடர்ந்தார்: "சோறு கீதுப்பா. கொழம்புக்குத்தான் வழியில்ல."

இந்த ஒரு வாக்கியம் எங்கள் படத்தின் அடிப்படையையே கலைத்துவிட்டது. வெறும் பானையை நாங்கள் எடுத்த அதே வீட்டில், கட்டிலுக்கு அடியில் ரேஷன் அரிசி மூட்டை இருந்தது. அதை மறைத்து எடுக்கவேண்டும் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. ஆனால் வெறும் பானையைத் தேடிப் போன எங்கள் சட்டகத்துக்குள் அது தானாகவே விழாமல் போயிற்று. உள்ளதை எடுக்கிறோம் என்று நம்பிக்கொண்டே நாங்கள் ஒரு பொய்யைப் படமாக்கியிருந்தோம்.

தமிழ்நாட்டில் உணவைப் பற்றிப் படமெடுப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே உணவு அரசியல் என்பதே அரிசியைச் சுற்றி வளர்ந்தது. 1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி தந்தார். 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. பல மாநிலங்களைப் போல வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரிக்காமல், அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் தரும் பொது விநியோகம் இது. பட்டினி என்ற சொல்லின் பழைய பொருளை இந்த ஏற்பாடு பெருமளவு மாற்றியிருக்கிறது, அதை மனமாரச் சொல்ல வேண்டும். ஆனால் அதே மாநிலத்தில் 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருப்பதைக் கண்டறிந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. வயிறு நிறைந்திருக்கிறது, உடம்பில் இரத்தமில்லை. ஒரு சமூகத்தின் இந்த நிலைமையை வெறும் பானை எப்படிக் காட்டும்?

ஆகவே நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருடன் உட்கார்ந்து நோக்கத்தையே மாற்றி எழுதினோம். நன்கொடை கேட்கும் படம் வேண்டாம் என்பதில் அவர் எங்களைவிட உறுதியாக இருந்தார். நிர்வாகக் குழுவில் இருவர் தயங்கியபோது ஆயா சொன்ன வாக்கியத்தை அவரே எடுத்துச் சொன்னார். படங்கள் முதலில் அந்தக் குடியிருப்பு மக்களுக்காக, அடுத்து அவர்களுக்குப் பதில்சொல்ல வேண்டிய அலுவலர்களுக்காக, கடைசியாகவே வெளியாருக்காக என்று முடிவாயிற்று. தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, அது அங்கே வந்து சேர எத்தனை நடை, எத்தனை நாள் கூலி ஆகிறது என்ற கேள்வியை ஒவ்வொரு படமும் ஒரு கோணத்திலிருந்து கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் படம் துவரம் பருப்பைப் பற்றியது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால், கூலிக் குடும்பத்துக்கு அரிசியைவிடவும் பெரிய உதவி இந்தப் பருப்புதான் என்று பெண்கள் பலர் சொன்னார்கள். ஆனால் அரிசியும் பருப்பும் பாமாயிலும் ஒரே நாளில் கடையில் இருப்பதில்லை. அரிசிக்கு ஒரு நடை, "பருப்பு லோடு வந்துடுச்சாம்" என்ற சேதி கேட்டு இன்னொரு நடை, பாமாயிலுக்கு மூன்றாவது நடை. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண், ஒரு மாதத்தில் பருப்புக்காக மட்டும் இரண்டு முறை வேலைக்கு மட்டம் போட்டதை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தார். அந்த நாள்காட்டிதான் படத்தின் முதல் காட்சி. 30 ரூபாய்ப் பருப்புக்கு அவர் இழந்த கூலியை அவரே விரல்விட்டு எண்ணிக் கூட்டிச் சொல்லும் இடத்தில் நாங்கள் எதையும் சேர்க்கவில்லை.

அதிகம் பேசப்பட்டது இரண்டாவது படம். 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. நாற்பது ஆண்டு பாத்திரம் தேய்த்த கையில் ரேகை என்று சொல்லும்படி அதிகம் மிஞ்சுவதில்லை. ஆயா கட்டைவிரலை இயந்திரத்தில் வைக்கிறார், ஏற்கவில்லை. விரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். பிறகு தலையில் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பசையோடு வைக்கிறார். பின்னால் நிற்கும் ஒரு பெண் "ஆள்காட்டி வெரல வை ஆயா" என்கிறார். ஐந்தாவது முயற்சியில் மோதிரவிரலின் ரேகை விழுகிறது. இந்தக் காட்சி 47 நொடி. எடிட்டர் இதைப் பன்னிரண்டு நொடியாகச் சுருக்கி ஒரு வயலினும் சேர்த்திருந்தார். கைபேசியில் படம் பார்ப்பவர் அத்தனை நேரம் காத்திருக்க மாட்டார் என்பது அவர் வாதம். நாங்கள் இசையை எடுத்துவிட்டு 47 நொடியையும் வெட்டில்லாமல் வைத்தோம். இயந்திரத்தின் கீச்சொலி, சாக்கு இழுபடும் சத்தம், வரிசையில் யாரோ இருமுவது, அவ்வளவுதான் ஒலி. திரையிட்ட இடமெல்லாம் முதியவர்கள் அந்தக் காட்சியில் தங்கள் விரலைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் காட்சியை எடுப்பது எளிதாக இருக்கவில்லை. கடைக்குள் கேமரா வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், அதற்குப் பல வாரம் அலைந்தோம். அனுமதி கிடைத்த பிறகும் விற்பனையாளர் எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்பொரு முறை யாரோ கைபேசியில் எடுத்துப் போட்ட காணொளியால் அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது. அதனால் மூன்று நாள் கேமராவே இல்லாமல் கடைக்குப் போய் அவரோடு பேசிக்கொண்டிருந்தோம். இருப்பில் எடை குறைந்தால் தன் சம்பளத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியிருப்பதையும், நெட்வொர்க் போனால் வரிசையின் வசவு முழுவதும் தனக்கே விழுவதையும் அவர் சொன்னார். எந்தெந்த ஆயாவின் எந்த விரல் விழும் என்பது அவருக்கு மனப்பாடம். இதைக் கேட்டபின் அவரைப் படத்தின் எதிராளியாக நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. கைரேகைப் படத்தில் "மோதிர விரல், மோதிர விரல்" என்று மெதுவாகச் சொல்வது அவர் குரல்தான். அவர் முகத்தைக் காட்டவில்லை. அது அவர் கேட்டுக்கொண்டது.

மூன்றாவது படம் நாங்கள் திட்டமிடாமல் கிடைத்தது. பருப்புப் படத்துக்காகப் போன வீட்டில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, தம்பியின் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "எனக்கு முட்டை பத்தாவதோட முடிஞ்சிடுச்சு அண்ணா" என்றாள். சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பள்ளி நாளெல்லாம் கிடைத்துக்கொண்டிருந்த முட்டை, உடம்புக்குப் புரதமும் இரும்புச்சத்தும் பெரிதும் தேவைப்படும் வயதில் நின்றுபோகிறது. 1920களில் நீதிக்கட்சியின் சென்னை மாநகராட்சி தொடங்கி, 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் விரிவாக்கி, 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் சேர்ந்த இந்த நீண்ட ஏற்பாட்டைப் பற்றி எத்தனையோ ஆவணங்களைப் படித்திருக்கிறேன். அது எங்கே முடிகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவள் என்பதால் அவளுடைய தாயின் ஒப்புதலோடு அவளுடைய ஒப்புதலையும் தனியாக வாங்கினோம். முகத்தை எடுக்காமல், மதியம் அவள் தன் டிபன் பாக்ஸைத் திறப்பதை மேலிருந்து எடுத்தோம். வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஊறுகாய். தட்டு நிறைந்திருக்கிறது. பார்ப்பவர் தானே புரிந்துகொள்வார் என்று நம்பி விட்டுவிட்டோம்.

மற்ற இரண்டு படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று காய்கறி வாங்கப் பேருந்தேறும் பயணம், மற்றொன்று கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்த மகனுக்குத் தனி அட்டை கிடைக்காத கதை. இரண்டும் தகவலுக்குப் பயன்பட்டன, படமாகச் சுமார்தான்.

துணைவசனத்தில் (சப்டைட்டில்) நாங்கள் செலவிட்ட நேரம் எதிர்பாராதது. தமிழ்த் துணைவசனத்தை முதலில் எழுதித் தந்தவர், நல்லெண்ணத்தோடுதான், ஆயாவின் பேச்சைத் திருத்தி "சோறு இருக்கிறது, குழம்புக்குத்தான் வழியில்லை" என்று ஆக்கியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் அதைப் படித்துவிட்டு, "இது டீச்சர் பேசுற மாதிரி கீது" என்றார். பேசியபடியே எழுதினோம். ஆங்கிலத் துணைவசனத்தில் நேர்ந்த தவறு இதைவிடப் பெரிது. மொழிபெயர்த்தவர் சோறு என்ற சொல்லுக்கு உணவு என்று பொருள்படும் சொல்லை இட்டுவிட்டார். உணவு இருக்கிறது என்று ஆயா சொல்வதாகப் படிக்கும் வெளிநாட்டுப் பார்வையாளர், பிறகு இந்தப் படம் எதற்கு என்றுதானே கேட்பார்? சோறு வேறு, சாப்பாடு வேறு. சோற்றோடு குழம்பும் கூட்டும் சேர்ந்தால்தான் அது சாப்பாடு. எங்கள் வாதம் முழுவதும் அந்த வேறுபாட்டில்தான் நின்றது. வெறும் அரிசிச் சோறு என்று விரித்து எழுதச் சொல்லி மாற்றினோம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். படத்தில் பேசுவதற்காக யாருக்கும் பணம் தரக்கூடாது, தந்தால் சொல்வது மாறிவிடும் என்று துறையில் ஒரு கருத்து உண்டு. தினக்கூலியில் வாழ்பவரை அரைநாள் உட்காரவைத்துவிட்டுச் சும்மா அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் இழக்கும் கூலியை முன்கூட்டியே பேசி, எல்லோருக்கும் ஒரே தொகையாக, என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உண்டு என்று உறுதிசெய்து, நிறுவனத்தின் மூலம் கொடுத்தோம். ஒப்புதலையும் ஒரே தாளில் ஒரே நாளில் வாங்காமல், எடுப்பதற்கு முன், ரஃப் கட் பார்த்தபின், வெளியிடுவதற்கு முன் என மூன்று முறை கேட்டோம். மூன்றாம் முறை ஒருவர் மறுத்துவிட்டார். பதினொரு நிமிடப் படத்தில் நல்லதொரு பகுதி அவருடையது. எடுத்துவிட்டோம், அந்த இடத்தில் படம் இப்போதும் சற்றுத் தொய்கிறது.

முதல் திரையிடல் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே, தண்ணீர்த் தொட்டியின் கீழ், ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி நடந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, கடைக்கு வர இயலாத முதியவரும் மாற்றுத்திறனாளியும் தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்புவதற்கான அங்கீகாரச் சான்றுக்குரிய படிவத்தை நிரப்பிக்கொடுக்க நிறுவனத்தின் தன்னார்வலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சான்று இருப்பதே அங்கிருந்த பலருக்குத் தெரியாது. சென்னையில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் நடக்கும் குறைதீர் முகாமில் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதைக் கைரேகைப் படத்தின் முடிவில் எழுத்தாகத் தோன்றும் இறுதி அட்டையில் போட்டிருந்தோம். கொண்டுபோன படிவங்கள் அன்றிரவே தீர்ந்துவிட்டன. அலுவலர்களுக்கான திரையிடல் இரண்டு வாரம் கழித்து நடந்தது. விற்பனையாளரின் குரலைக் கேட்டதும் அறையின் இறுக்கம் தளர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். அவரைக் குற்றவாளியாக்கியிருந்தால் அந்தக் கூட்டம் முழுவதும் அவரைக் காப்பதிலேயே கழிந்திருக்கும். கடை நேரத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். பருப்பு எந்தத் தேதிக்குள் வரும் என்று முன்னறிவிப்புப் பலகை வைக்க ஒப்புக்கொண்டார்கள். பருப்பும் அரிசியும் ஒரே நாளில் வருவது அந்த அறையில் இருந்தவர்களின் கையில் இல்லை. அது மாறவில்லை.

2025 ஆகஸ்ட் 12 அன்று தாயுமானவர் திட்டம் தொடங்கி, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே போகும் என்று அறிவிக்கப்பட்டபோது, எங்கள் கைரேகைப் படத்தின் இறுதி அட்டை ஒரே நாளில் பழசாகிவிட்டது. ஆயாவுக்குப் பொருத்தமில்லாத தகவலை அவர் முகத்துக்குக் கீழேயே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. படத்தை இறக்கி, 70க்குக் கீழே உள்ளவர்களுக்கு அங்கீகாரச் சான்று, மேலே உள்ளவர்களுக்குப் புதிய ஏற்பாடு என்று அட்டையை மாற்றி மறுபடி ஏற்றினோம். ஆனால் வாட்ஸ்அப்பில் பழைய படம் ஏற்கெனவே பல குழுக்களுக்குப் போயிருந்தது, அதைத் திரும்ப அழைக்க வழியில்லை. அதற்குப் பிறகு நாங்கள் வெளியிடும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தகவல் எந்த மாதம் வரை சரியானது என்று பதிக்கிறோம். இறுதி அட்டையைப் படத்தோடு ஒட்டாமல் தனிக் கோப்பாக வைத்திருக்கிறோம். அதை மாற்றும் பொறுப்பையும் அதற்கான சிறு தொகையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கிறோம்.